செக் ஷீட்டில் இடம்பெறாத கருவி

ஓசூர் சிப்காட்டில் எந்தப் பட்டறைக்குள் நுழைந்தாலும் ஒரு வெர்னியர் காலிப்பருக்கு இருக்கும் மரியாதையைப் பார்க்கலாம். அதற்கு அடையாள எண் உண்டு. கடைசியாக எப்போது கேலிபரேஷன் ஆனது, அடுத்தது எப்போது என்று சொல்லும் ஸ்டிக்கர் உண்டு. வைப்பதற்குத் தனிப் பெட்டி உண்டு. கை தவறிக் கீழே விழுந்தால் விசாரணையும் உண்டு. அதே பட்டறையின் பல வருஷத்து டிராயிங்குகள், சி.என்.சி. புரோகிராம்கள், டேலி கணக்கு, இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட், சம்பளப் பதிவேடு எல்லாம் அடங்கிய எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் எங்கே இருக்கும்? அக்கவுண்ட்ஸ் மேஜையின் இழுப்பறையில், ஸ்டேப்ளர் பின் டப்பாவுக்கும் பழைய டெலிவரி சலானுக்கும் நடுவே கிடக்கும். அதற்கு எண் கிடையாது, ஸ்டிக்கர் கிடையாது, பொறுப்பாளும் கிடையாது.

இன்னார்தான் குற்றவாளி என்று விரல் நீட்டுவதற்காக இதை எழுதவில்லை. முதலாளி, மேனேஜர், அக்கவுண்டண்ட், புரோகிராமர், குவாலிட்டிக்காரர், கம்ப்யூட்டர் சர்வீஸ்காரர் என்று ஜூஜூவாடி எல்லையிலிருந்து போச்சம்பள்ளி வரை இந்தத் தொழில் வட்டாரத்தில் பிழைக்கும் நாம் எல்லோரும் கூடிச் செய்த அலட்சியம் இது. அதை ஒவ்வொன்றாக ஒப்புக்கொள்வதுதான் நோக்கம்.

தெரியாமல் செய்தோம் என்று சொல்லித் தப்பிக்க நமக்கு வழியில்லை. பராமரிப்பு என்றால் என்ன என்று நாட்டுக்கே காட்டிய ஊர் இது. 1971இல் சிப்காட் உருவானது. 1980இல் அசோக் லேலண்டின் ஆலை இங்கே வந்தது. அதே ஆண்டு டி.வி.எஸ். 50 மொபெட் இந்த மண்ணிலிருந்து புறப்பட்டது; அந்தப் பத்தாண்டிலேயே டைட்டன் கடிகார ஆலையும் வந்து சேர்ந்தது. ஓசூரில் ஆலை வைத்திருக்கும் டி.வி.எஸ். மோட்டார் நிறுவனம் 2002இல் தரத்துக்கான ஜப்பானின் டெமிங் விருதைப் பெற்றது. உலகிலேயே அந்த விருது பெற்ற முதல் இருசக்கர வாகன நிறுவனம் அதுதான். பெரிய கம்பெனிகள் தமக்குப் பாகம் செய்து தரும் சின்னப் பட்டறைகளுக்கும் 5எஸ், டி.பி.எம். என்று ஒழுங்கு, பராமரிப்பு முறைகளை எல்லாம் கற்றுக்கொடுத்தன. காலை ஷிப்ட் தொடங்கியதும் லூப் ஆயில் மட்டம், காற்றழுத்தம், கூலன்ட் அளவு பார்த்து மெஷினில் தொங்கும் செக் ஷீட்டில் டிக் அடிக்காமல் நாம் ஸ்பிண்டிலைச் சுற்ற விடுவதில்லை. அந்த ஒழுங்கு ஷாப் ஃப்ளோர் கதவோடு நின்றுவிட்டது. கதவைத் தாண்டி ஆபீஸ் அறைக்குள் அது வரவே இல்லை.

முதல் குற்றம், டிஸ்க் நம்மிடம் பேசியதைக் கேட்காமல் இருந்தது. “சார், காப்பி ஆக மாட்டேங்குது, ஏதோ ரைட் எர்ரர் காட்டுது” என்று அக்கவுண்ட்ஸ் பிள்ளை சொல்லும். “புடுங்கிட்டு மறுபடி சொருகும்மா” என்போம். மறுபடி சொருகினால் பெரும்பாலும் வேலை செய்யும். வேலை செய்தது என்பதாலேயே கோளாறு தீர்ந்தது என்று எடுத்துக்கொண்டோம். ஒரு மெஷினில் ஸ்பிண்டில் ஒருமுறை சத்தம் போட்டு அடங்கினால் அப்படி விட்டிருப்போமா? பேரிங்கைக் கழற்றிப் பார்த்திருப்போம்.

எழுத முடியவில்லை என்று டிஸ்க் சொல்வதற்குப் பல காரணம் உண்டு. எல்லாமே சாவுச் சேதி அல்ல. டிஸ்க் நிரம்பியிருக்கலாம். ஃபேட்32 முறையில் ஃபார்மேட் செய்த டிஸ்க் என்றால், அதில் நூறு ஜி.பி. காலியாக இருந்தாலும் 4 ஜி.பி.க்கு மேற்பட்ட ஒற்றை ஃபைலை ஏற்காது. சிசிடிவி பதிவையோ முழு பேக்கப் ஃபைலையோ போடப் பார்த்தால் மறுத்துவிடும். விண்டோஸுக்காக என்.டி.எஃப்.எஸ். முறையில் ஃபார்மேட் ஆன டிஸ்க்கை டிசைன் பிரிவின் ஆப்பிள் மேக்கில் சொருகினால் படிக்க விடும், எழுத விடாது. அந்த ஃபோல்டரில் எழுத அனுமதி இல்லாத யூசராக நாம் உள்ளே வந்திருக்கலாம். இவையெல்லாம் ஐந்து நிமிஷத்தில் சரியாகிற சங்கதிகள்.

இன்னொரு வகை உண்டு. “ஐ/ஓ டிவைஸ் எர்ரர்” என்று வருவது, “டிலேய்ட் ரைட் ஃபெயில்டு” என்று வருவது, காப்பி ஆகிக்கொண்டிருக்கும்போதே டிஸ்க் மறைந்து மறுபடி தோன்றுவது, ஒரு ஃபோல்டரைத் திறக்க இரண்டு நிமிஷம் இழுப்பது, உள்ளிருந்து டிக் டிக் என்று தட்டும் சத்தம் கேட்பது. இது கேபிளிலோ கரண்டிலோ டிஸ்க்கின் பரப்பிலோ நிஜமான கோளாறு என்பதற்கு அடையாளம். ஹார்ட் டிஸ்க்குக்குக் கெட்டுப்போன இடங்களை மறைத்துச் சமாளிக்கும் குணம் உண்டு. ஒரு செக்டார் பழுதானால் அதற்குப் பதிலாக ஒதுக்கிவைத்த உபரி செக்டார் ஒன்றை எடுத்துக்கொண்டு, ஒன்றும் நடக்காததுபோல் வேலையைத் தொடரும். எத்தனை இடத்தை அப்படி மாற்றியது, எத்தனை இடம் சந்தேகத்தில் நிற்கிறது என்பதை ஸ்மார்ட் என்ற தன் சொந்தப் பதிவேட்டில் எழுதியும் வைக்கும். 05, சி5, சி6 என்ற மூன்று வரிகளைப் பார்த்தால் போதும். அவற்றின் மதிப்பு பூஜ்யத்தைத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் டிஸ்க் விடைபெறத் தொடங்கிவிட்டது என்று பொருள். கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ போன்ற இலவச மென்பொருள் அதை நீலம், மஞ்சள், சிவப்பு என்று நிறம் போட்டே காட்டும். விண்டோஸும் தன் பங்குக்கு ஈவென்ட் வியூவரில் “பேட் பிளாக்” என்று 7ஆம் எண்ணில் நிகழ்வைக் குறித்துவைக்கும். இரண்டு பதிவேட்டையும் நாம் திறந்து பார்த்ததில்லை. பாதுகாப்புப் பலகையைத் தமிழ், தெலுங்கு, கன்னடம், இந்தி என்று நாலு மொழியில் எழுதி மாட்டிய நாம், திரையில் வந்த அந்த ஒற்றை வரிக்கு என்ன அர்த்தம் என்று யாருக்கும் எந்த மொழியிலும் சொல்லிக்கொடுக்கவில்லை.

2007இல் கூகுள் பொறியாளர்கள் மூவர் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட டிஸ்க்குகளைக் கவனித்து ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பரப்பைச் சோதிக்கையில் முதல் பிழை காட்டிய டிஸ்க், பிழையே காட்டாத டிஸ்க்கைவிட, அடுத்த 60 நாளுக்குள் செத்துப்போகும் வாய்ப்பு 39 மடங்கு என்றது ஆய்வு. அதே ஆய்வில் இன்னொரு செய்தியும் உண்டு: செத்துப்போனவற்றில் பாதிக்கு மேற்பட்டவை, ஸ்மார்ட் பதிவேட்டின் முக்கியமான நான்கு அளவுகளிலும் எந்த எச்சரிக்கையும் காட்டவில்லை. ஆக, எச்சரித்தால் அது கடைசி வாய்ப்பு, எச்சரிக்காமலும் போகலாம். இரண்டுக்கும் நாம் தயாராக இல்லை.

இரண்டாவது குற்றம், டிஸ்க்கை நாம் வைத்திருந்த விதம். கையடக்க டிஸ்க்குக்குத் தனி அடாப்டர் கிடையாது, யு.எஸ்.பி. வழியாக வரும் கரண்டிலேதான் அதன் மோட்டார் சுற்ற வேண்டும். யு.எஸ்.பி. 2.0 துளை தரவேண்டியது 500 மில்லி ஆம்பியர், 3.0 தரவேண்டியது 900. நாம் சி.பி.யு.வின் முன்பக்கத் துளையில், அதிலும் கீபோர்டு, மவுஸ், பிரிண்டர், பயோமெட்ரிக் என்று நாலைந்து சொருகிய பிளாஸ்டிக் ஹப்பில், நீளமான சீப்பான கேபிளோடு மாட்டினோம். எழுதும்போது கரண்ட் போதாமல் டிஸ்க் தடுமாறியது. மூன்று ஃபேஸில் ஓல்டேஜ் கொஞ்சம் இறங்கினாலே எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுகிற நமக்கு ஐந்து ஓல்ட்டைப் பற்றிக் கவலை வரவில்லை. சி.என்.சி.க்கு சர்வோ ஸ்டெபிலைசர் போட்டோம். ஆபீஸ் கம்ப்யூட்டரின் யு.பி.எஸ். பேட்டரி செத்து வருஷமாகியும் அதை மாற்றவில்லை. கரண்ட் போன ஒவ்வொரு தடவையும் பாதி எழுதிய ஃபைலோடு டிஸ்க் அணைந்தது.

அதிர்வும் தூசியும் இந்த வட்டாரத்துக்கு வெளியிலிருந்து வந்தவை அல்ல. பவர் பிரஸ் அடிக்கும் ஷெட்டில், சுவரை ஒட்டிய கேபினில் டிஸ்க் சுழல்கிறது. கிருஷ்ணகிரி பக்கம் கிரானைட் அறுக்கும் யூனிட்டில் கல்மாவு படியாத மேஜை கிடையாது. ஹார்ட் டிஸ்க்கின் எழுதும் முனை தட்டின் மேல் சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது. அது தடத்திலிருந்து துளி விலகினாலும் எழுத்து நிற்கும். 2008 இறுதியில் ஒரு பொறியாளர் டிஸ்க் அலமாரியின் முன் நின்று உரக்கக் கத்தினார். அந்தச் சத்தத்திலேயே டிஸ்க்குகள் திணறியதை அளவிட்டுக் காட்டினார். 2016 செப்டம்பரில் ருமேனியாவின் புகாரெஸ்ட்டில் ஐ.என்.ஜி. வங்கி தன் டேட்டா சென்டரில் தீயணைப்பு வாயுவைச் சோதித்தபோது, வாயு பீறிட்ட சத்தத்தாலேயே டிஸ்க்குகள் சேதமாகி, வங்கிச் சேவை பல மணி நேரம் முடங்கியது. மைக்ரான் கணக்கில் டாலரன்ஸ் பேசும் நாம், சுழலும் டிஸ்க்கைக் கம்ப்ரஸர் பக்கத்து மேஜையில் வைத்ததை வேறு எந்தப் பெயரில் சொல்ல முடியும்?

மூன்றாவது, அவசரம். விண்டோஸ் எழுதவேண்டியதை முதலில் நினைவகத்தில் தேக்கிவைத்துக்கொண்டு, பிறகு டிஸ்க்குக்கு அனுப்பும் வழக்கம் உண்டு. திரையில் காப்பி முடிந்தது என்று வந்தாலும் டிஸ்க்கில் வேலை பாக்கி இருக்கலாம். 2018இல் வந்த விண்டோஸ் 10 பதிப்பு ஒன்றிலிருந்து, சட்டென்று கழற்றினாலும் பாதகம் குறைவாக இருக்கும்படி இயல்பு அமைப்பை மைக்ரோசாஃப்ட் மாற்றியது. அது திறந்து கிடக்கும் ஃபைலைக் காப்பாற்றாது. நாமோ டேலி கம்பெனியைத் திறந்து வைத்தபடியே டிஸ்க்கைப் பிடுங்கி, ஆடிட்டர் ஆபீஸ் போகிற பையனிடம் கொடுத்தனுப்பினோம். அவன் அதை பைக் டேங்க் கவரில் போட்டுக்கொண்டு பாகலூர் ரோட்டுப் பள்ளங்களில் ஏறி இறங்கிப் போனான்.

நாலாவதுதான் தலையாய குற்றம். ஒரே ஒரு பிரதியை வைத்துக்கொண்டு அதற்கு பேக்கப் என்று பெயர் சூட்டினோம். கம்ப்யூட்டரில் இடம் இல்லை என்று பழைய டிராயிங்குகளை ‘கட்’ செய்து எக்ஸ்டர்னலில் ‘பேஸ்ட்’ செய்தோம். டேலியின் டேட்டா ஃபோல்டரையே எக்ஸ்டர்னலுக்கு மாற்றி, நேரடியாக அதிலேயே பில் போட்டோம். இங்கே மூலம் எது, நகல் எது? இருப்பதே ஒன்று, அது கம்ப்யூட்டருக்கு வெளியே இருக்கிறது என்ற ஒரே காரணத்தால் பத்திரமாக இருக்கிறது என்று நம்பிக்கொண்டோம். ஆடிட் வந்தபோது “பேக்கப் எடுக்கிறீர்களா?” என்ற கேள்விக்கு ‘ஆம்’ கட்டத்தில் டிக் அடித்தோம். “அதிலிருந்து ஒரு ஃபைலை மீட்டுக் காட்டுங்கள்” என்று கேட்டவர் யாரும் இல்லை. நாமும் நம்மைக் கேட்டுக்கொள்ளவில்லை.

சட்டம் நம்மிடம் எதிர்பார்ப்பது கொஞ்சநஞ்சம் அல்ல. ஜி.எஸ்.டி. சட்டப்படி கணக்குப் பதிவுகளை அந்த ஆண்டின் வருடாந்திர ரிட்டர்னுக்கான கெடு தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். பதிவு பெற்ற கம்பெனி என்றால் 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டம் எட்டு நிதியாண்டுக் கணக்கைக் கேட்கிறது. கணினிக் கணக்கின் நகலை இந்தியாவிலுள்ள சர்வரில் தினந்தோறும் எடுத்துவைக்க வேண்டும் என்று 2022 ஆகஸ்டில் விதியே திருத்தப்பட்டது. வாகனப் பாகம் செய்பவர்கள் சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருக்கும் ஐ.ஏ.டி.எஃப். 16949 சான்றிதழின் கட்டளை இன்னும் கடுமை: ஒரு பாகம் உற்பத்தியிலும் சர்வீஸிலும் இருக்கும் காலம் முழுவதும், அதற்கு மேலும் ஒரு காலண்டர் ஆண்டு, அதன் ஒப்புதல் ஆவணங்கள் நம்மிடம் இருக்க வேண்டும். பல வருஷம் ஓடும் ஒரு பிராக்கெட்டின் ஆவணத்தை, வாரன்டி முடிந்த டிஸ்க் ஒன்றின் ஆயுளை நம்பி ஒப்படைத்திருக்கிறோம்.

இந்த மெத்தனம் நமக்கு மட்டும் உரியதல்ல என்பது ஆறுதல் ஆகாது. ஆனாலும் பாடம் ஆகும். 2017 ஜனவரி 31 அன்று கிட்லாப் என்ற மென்பொருள் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறான சர்வரில் டேட்டாபேஸை அழித்துவிட்டார். ஐந்து விதமான பேக்கப் ஏற்பாடு இருந்தும் தேவைப்பட்ட நேரத்தில் ஒன்றும் ஒழுங்காக உதவவில்லை. ஆறு மணி நேரத்துக்கு முன் தற்செயலாக எடுத்த நகல்தான் கைகொடுத்தது. 2025 செப்டம்பர் 26 அன்று தென்கொரியாவின் தேஜோன் நகரில் அரசு டேட்டா சென்டரில் பேட்டரி தீப்பிடித்தது. அரசு ஊழியர்கள் கோப்புகளைச் சேர்த்துவைத்த 858 டி.பி. கொள்ளளவுள்ள ‘ஜி டிரைவ்’ அழிந்தது. வெளியே நகல் இல்லை. அளவு மிகப் பெரிது, அதனால் எடுக்கவில்லை என்றார்கள். தீ என்பது நமக்கும் தூரத்துச் செய்தி அல்ல. 2024 செப்டம்பர் 28 அன்று நம் வட்டாரத்திலேயே டாடா எலக்ட்ரானிக்ஸ் ஆலையில் தீப்பிடித்து உற்பத்தி நின்றது. அன்று காலை புகையைப் பார்த்தபோதும், நம் பட்டறையில் தீப்பிடித்தால் கம்ப்யூட்டரும் அதன் பக்கத்திலேயே இருக்கும் எக்ஸ்டர்னலும் சேர்ந்துதானே எரியும் என்று நமக்குத் தோன்றவில்லை.

ஐந்தாவது, டிஸ்க்கைக் கம்ப்யூட்டரிலேயே நிரந்தரமாகச் சொருகி வைத்தது. கம்ப்யூட்டரைப் பூட்டிப் பணம் கேட்கும் ரேன்சம்வேர் வந்தால், சொருகியிருக்கும் எக்ஸ்டர்னலையும் சேர்த்தே பூட்டும். ஷாப் ஃப்ளோரில் விண்டோஸ் எக்ஸ்.பி. இன்னும் உயிரோடு இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் அதைக் கைவிட்டது 2014 ஏப்ரலில். அந்த மெஷினுக்கும் ஆபீஸுக்கும் இடையே ஒரே பென் டிரைவ் ஷிப்டுக்கு ஷிப்ட் ஓடுகிறது. சின்ன சப்ளையர்தானே, நம்மை யார் குறிவைப்பார்கள் என்ற எண்ணத்துக்கு 2022இல் பதில் கிடைத்தது. ஜப்பானில் டொயோட்டாவுக்கு பிளாஸ்டிக் பாகம் செய்யும் கோஜிமா நிறுவனத்தின் கம்ப்யூட்டர்கள் தாக்கப்பட்டன; மார்ச் 1 அன்று டொயோட்டாவின் ஜப்பானிய ஆலைகள் 14ம் ஒரு நாள் நின்றன. அடுத்த வருஷம் ஆகஸ்டில் அதே 14 ஆலைகள் மறுபடி நின்றன. இம்முறை திருடனும் இல்லை, வைரஸும் இல்லை. சர்வர் பராமரிப்பின்போது டிஸ்க்கில் எழுத இடம் போதவில்லை. உலகமே உற்பத்தி ஒழுங்கைக் கற்றுக்கொண்ட கம்பெனிக்கே அந்த கதி.

ஆறாவது, கோளாறு வந்தபின் நாம் செய்த காரியங்கள். எழுத மறுத்த டிஸ்க்கை முதல் வேலையாக ஃபார்மேட் செய்யச் சொன்னோம். திரை கேட்டது, நாம் ‘யெஸ்’ அழுத்தினோம். இல்லையென்றால் செக்டிஸ்க் ஓடவிட்டோம். நல்ல டிஸ்க்கில் கரண்ட் போய்க் குழம்பிய ஃபைல் அமைப்பைச் சரிசெய்ய அது அருமையான கருவி. பரப்பே பழுதான டிஸ்க்கில் அதை முழுச் சோதனைக்கு விட்டால், மிச்ச ஆயுளையும் அந்தச் சோதனையிலேயே தீர்த்துவிடக்கூடும். சரிசெய்கிறேன் என்று படிக்க முடியாத ஃபைல்களின் பதிவையும் வெட்டிவிடும். யாரோ சொன்னார்கள் என்று ஃபிரிட்ஜில் வைத்தோம்; உள்ளே ஈரம் கோத்தது. மூடியைத் திறந்து பார்த்தோம், தூசி விழுந்தது. கடைசியில் அத்திப்பள்ளியைத் தாண்டி, பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் கடை கடையாக ஏறினோம். வாடிக்கையாளர் ரகசியமாக வைக்கச் சொல்லிக் கையெழுத்து வாங்கிய டிராயிங்குகள் அடங்கிய டிஸ்க்கை, ரசீதுகூட இல்லாமல் முன்பின் தெரியாத கவுண்டரில் நீட்டினோம். செத்த டிஸ்க்குகளை ஸ்கிராப்காரருக்குக் கிலோ கணக்கில் போட்டதும் நாம்தான்.

சரியான வரிசை இதற்கு நேர்மாறானது. ரைட் எர்ரர் வந்த கணமே அந்த டிஸ்க்கில் எழுதுவதை நிறுத்த வேண்டும். கேபிளை மாற்றி, ஹப்பை விட்டுவிட்டு, சி.பி.யு.வின் பின்பக்கத் துளையில் நேராகச் சொருகிப் பார்க்கலாம். படிக்க முடிகிறதென்றால் முக்கியமானதை முதலில் வேறு டிஸ்க்குக்கு எடுத்துவிட வேண்டும்; சினிமாவும் போட்டோவும் பிறகு. அதன்பின் ஸ்மார்ட் பதிவேட்டைப் பார்க்க வேண்டும். பரப்புப் பழுது தெரிந்தால் டிடி ரெஸ்க்யூ போன்ற மென்பொருளால் முழு டிஸ்க்கையும் வேறொன்றில் படியெடுக்க வேண்டும். சுலபமாகப் படிக்க வருகிற பகுதிகளை அது முதலில் எடுத்துக்கொண்டு, முரண்டு பிடிக்கும் இடங்களுக்குப் பிறகு திரும்பி வரும். செக்டிஸ்க், ஃபார்மேட் எல்லாம் டேட்டா வேறு இடத்தில் பத்திரமானபின்தான். உள்ளே தட்டும் சத்தம் கேட்டால் மறுபடி சொருகவே கூடாது. அணைத்து, அதற்கென்றே தூசியற்ற அறை உள்ள மீட்பு நிலையத்துக்கு ரகசிய ஒப்பந்தத்தோடு அனுப்ப வேண்டும். பாதி விலையில் மலைபோல் கொள்ளளவு என்று ஆன்லைனில் வரும் டிஸ்க்குகளில் சில போலி. உள்ளே இருப்பது சின்ன மெமரி கார்டு. நிஜக் கொள்ளளவு நிரம்பியதும் அது பழையதன் மேலேயே எழுதத் தொடங்கும். புதிதாக வாங்கியதை முழுக்க எழுதிப் படித்துச் சோதித்த பிறகே நம்ப வேண்டும்.

இந்த அலட்சியத்தால் நஷ்டப்பட்டது முதலாளி மட்டுமல்ல. ஃபனுக் கன்ட்ரோலரின் நினைவகத்தில் உள்ள பாராமீட்டர்கள் ஒரு சின்ன லித்தியம் பேட்டரியின் தயவில் நிற்பவை. பேட்டரி இறங்கினால் திரையில் எச்சரிக்கை மின்னும். அதைக் கவனிக்காமல் பாராமீட்டர் அழிந்து, அதன் நகல் இருந்த டிஸ்க்கும் செத்திருந்தால், மெஷின் நிற்கும் நாளுக்கெல்லாம் ஜாப் ஒர்க் கூலி இழப்பது ஆபரேட்டர். காண்ட்ராக்ட் தொழிலாளியின் வருகைப் பதிவும் சம்பளச் சீட்டும் போனால், ஒடிசாவிலிருந்தோ தேன்கனிக்கோட்டை மலைக்கிராமத்திலிருந்தோ வந்து இத்தனை வருஷம் இங்கே உழைத்ததற்கு அவனிடம் சாட்சி இல்லை. பி.எஃப். கணக்கில் விடுபட்ட மாதத்தைக் கேட்டு வந்தவனிடம் “சிஸ்டம் கிராஷ் ஆயிடுச்சுப்பா” என்று சொல்லி அனுப்பினோம். நம்முடைய டிஸ்க் பிழை அவனுடைய பென்ஷன் பிழையாக மாறியது. இந்தப் பட்டியலில் மன்னிப்புக் கேட்டே ஆகவேண்டிய இடம் இது.

பட்டறைக்கு வெளியிலும் இதே கதைதான். கிருஷ்ணகிரி மாவட்டம் நடுகற்களும் பாறை ஓவியங்களும் நிறைந்தது. மயிலாடும்பாறையில் கிடைத்த சான்றுகளைக் கொண்டு தமிழ்நாட்டில் இரும்பின் காலம் கி.மு. 2172 வரை பின்னோக்கிப் போகிறது என்று 2022 மே மாதம் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. இதே மாவட்டத்தில்தான் கிரானைட்டுக்காக மலைகள் அறுபடுகின்றன. பாறை போனபின் ஆர்வலர்கள் எடுத்த படம்தான் மிச்சம். அந்தப் படங்களும் பெரும்பாலும் யாரோ ஒருவர் வீட்டு எக்ஸ்டர்னலில் ஒற்றைப் பிரதியாகவே இருக்கின்றன.

ஏன் இப்படி ஆனோம்? பணம் இல்லாமல் அல்ல. ஒரு பெட்டி கார்பைடு இன்செர்ட் வாங்கும் பணத்தைக் கொஞ்சம் கூட்டினால் இன்னொரு டிஸ்க் வந்துவிடும். உலோகத்தைச் சீவுவதுதான் வேலை, எழுதிவைப்பது வெட்டி என்ற எண்ணம் நம் எலும்பில் ஊறியிருக்கிறது. ஆயுத பூஜையன்று லேத்துக்கும் ஃபோர்க்லிஃப்ட்டுக்கும் வெயிங் மெஷினுக்கும் சந்தனம் வைக்கிறோம். மானிட்டருக்குக்கூடப் பொட்டு உண்டு. இழுப்பறையைத் திறக்க அன்றும் நினைவு வருவதில்லை. இந்தப் பொறுப்பை ஒருவருக்கும் கொடுக்காமல் விட்டதால் தவறும் ஒருவருடையதாக ஆகவில்லை. கம்ப்யூட்டர்காரர் பார்த்துக்கொள்வார் என்று அக்கவுண்டண்ட் நினைத்தார். அக்கவுண்டண்ட் பார்த்துக்கொள்வார் என்று மேனேஜர் நினைத்தார். கேட்டால்தானே செய்ய முடியும் என்று கம்ப்யூட்டர்காரர் சும்மா இருந்தார்.

பரிகாரம் நமக்குத் தெரிந்த மொழியிலேயே இருக்கிறது. டிஸ்க்குக்கு அடையாள எண் ஒட்டுங்கள். வாங்கிய தேதி எழுதுங்கள். பொறுப்பாளின் பெயரை எழுதுங்கள். பிரதி மூன்று இருக்கட்டும்: இரண்டு வேறு வேறு சாதனத்தில், ஒன்று வேறு கட்டடத்தில். ஒன்றையாவது வேலை முடிந்ததும் கழற்றி வையுங்கள். மாதம் ஒருமுறை ஸ்மார்ட் எண்களைக் குறித்து வையுங்கள். சில வருஷம் ஓடிய டிஸ்க்கை, நன்றாக இருந்தாலும், முதன்மைப் பணியிலிருந்து எடுத்துவிடுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு பழைய டிராயிங், ஒரு மாத டேலி, ஒரு மெஷினின் பாராமீட்டர் மூன்றையும் நகலிலிருந்து மீட்டுத் திறந்து பாருங்கள். திறக்காத நகலை நகல் என்று கணக்கில் எழுதாதீர்கள். தொழிற்சங்கங்களும் தொழில்முனைவோர் சங்கங்களும் தங்கள் கூட்டத்தில் இதற்கு அரை மணி நேரம் ஒதுக்கலாம். ஆடிட்டர்கள் ‘ஆம்’ கட்டத்தை நம்பாமல், மீட்டுக் காட்டச் சொல்லலாம்.

நாளைக் காலை செக் ஷீட்டில் லூப் ஆயிலுக்கும் காற்றழுத்தத்துக்கும் கீழே ஒரு வரி கூடுதலாகச் சேருங்கள்: நேற்றைய பேக்கப் திறந்ததா? அந்தக் கட்டத்தில் டிக் விழாத நாளில், ஸ்பிண்டில் ஓடாத நாளுக்கு வருகிற பதற்றம் ஆபீஸிலும் வர வேண்டும். அதுவரை நாம் பராமரிப்புத் தெரிந்தவர்கள் என்று சொல்லிக்கொள்ளத் தகுதியில்லை.